தொண்டுக்கும் தொழிலுக்கும் இடையில்: இந்தியத் தொண்டு நிறுவனங்களில் பணிநீக்கமும் நிர்வாகப் பிணக்கும் (1860–2025)

ஆய்வுச்சுருக்கம்

பதிவுபெற்ற சங்கங்களிலும் அறக்கட்டளைகளிலும் பணியாற்றி நீக்கப்பட்ட ஊழியருக்கு இந்தியச் சட்டம் அளித்த தீர்வுகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நீக்கம் முறையானதா என்ற வினாவைப் பின்தள்ளி, நிறுவனம் 'தொழில்' ஆகுமா என்ற வினாவே எழுபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் முதன்மை பெற்றது. நிர்வாகச் சீர்கேட்டைக் கேட்கும் உரிமை உறுப்பினரிடமும், நீக்கத்தை எதிர்க்கும் உரிமை தொழிலாளியிடமும் பிரிந்து கிடந்தன. தொண்டு நிறுவன ஊழியர் இவ்விரண்டுக்கும் புறத்தே நிறுத்தப்பட்ட விதத்தைச் சட்டங்கள், தீர்ப்புகள் ஆகியவற்றின் வழியாக இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தொண்டு நிறுவனம், பணிநீக்கம், தொழில் தகராறு, சங்கப் பதிவுச் சட்டம், உறுப்பினர் உரிமை

முன்னுரை

தமிழில் 'தொண்டு' என்ற சொல்லுக்கு அடிமைத்திறம் என்ற பொருளும் பணிவிடை என்ற பொருளும் உண்டு. பக்தி இயக்கம் அச்சொல்லை இறைவனுக்கும் அடியார்க்கும் மனமுவந்து செய்யும் பணியாக உயர்த்தியது. பின்னர் அது பொதுநலப் பணியைக் குறிக்கலாயிற்று. 'ஊழியம்' என்பது திருச்சபை வழக்கில் இறைப்பணி; 'ஊழியர்' என்பது அலுவலக வழக்கில் சம்பளம் பெறும் பணியாளர். கூலிக்குச் செய்யும் வேலையையும் கூலி கருதாப் பணியையும் ஒரே சொல்லோ ஒரே வேரோ தாங்கி நிற்பது சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஊர்நலச் சங்கமொன்றிலோ அறக்கட்டளை மருத்துவமனையிலோ மாதச் சம்பளம் பெற்றுவந்தவர் நீக்கப்படும்போது, அவர் தொண்டரா தொழிலாளியா என்பதே வழக்கின் முதல் எழுவினா ஆகிறது.

இத்தகைய பிணக்குகளில் இரண்டு இழைகள் பின்னிக்கிடப்பதுண்டு. ஒன்று, நிதி கையாளப்பட்ட விதம், செயற்குழு கூட்டப்பட்ட விதம், கணக்கு வைக்கப்பட்ட விதம் ஆகியவை பற்றிய ஐயம். மற்றொன்று, அந்த ஐயத்தை எழுப்பியவரின் வேலை. ஊழியரின் பார்வையில் இவை ஒரே பிணக்கின் இரு முகங்கள். சட்டமோ இவற்றை வெவ்வேறு வாயில்களுக்கு அனுப்பியது. முதலாவது சங்கங்களின் பதிவாளரிடம் செல்ல வேண்டும். இரண்டாவது தொழிலாளர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். இரு வாயில்களிலும் யாரை உள்ளே விடுவது என்பதற்குத் தனித்தனி விதிகள் இருந்தன.

1860ஆம் ஆண்டுச் சட்டமும் உறுப்பினரும்

சங்கங்கள் பதிவுச் சட்டம் 1860இன் 21ஆம் சட்டமாக இயற்றப்பட்டது. 1854இல் இங்கிலாந்தில் இலக்கிய, அறிவியல் நிறுவனங்களுக்கென இயற்றப்பட்ட சட்டம் இதற்கு முன்மாதிரி. ஏழு பேர் கூடி ஒரு நோக்கவுரையில் கையொப்பமிட்டால் சங்கம் பதிவாகும். ஆண்டுக்கொருமுறை ஆட்சிக்குழுவினரின் பட்டியலைப் பதிவாளரிடம் அளிக்க வேண்டும். ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் இசைந்தால் சங்கத்தைக் கலைக்கலாம். சங்கத்தின் பணத்தையோ பொருளையோ களவாடும் உறுப்பினரை, உறுப்பினரல்லாத வேற்றாள் போலவே தண்டிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறியது. உறுப்பினர் திருடக்கூடும் என்பதை எதிர்பார்த்த சட்டம், சங்கத்தில் சம்பளத்துக்கு ஒருவர் வேலை செய்யக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இதில் வியப்பொன்றுமில்லை. நூலகம், இலக்கியக் கழகம், அறிவியல் மன்றம் போன்றவற்றை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. மருத்துவமனைகளும் விடுதிகளும் நூற்றுக்கணக்கான பணியாளர்களும் பின்னால் வந்தவை.

தமிழ்நாட்டில் இதனிடத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 பெற்றது. 1978 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் பழைய சட்டத்தினும் கண்டிப்பானது. அதன் 36ஆம் பிரிவின்படி, சங்கத்தின் அமைப்பு, செயற்பாடு, நிதிநிலை ஆகியவற்றைப் பதிவாளர் விசாரிக்கலாம். விசாரணையைத் தொடங்கும் வழிகள் நான்கு: பதிவாளர் தாமே முன்வருதல், செயற்குழுவினரில் பெரும்பான்மையோர் விண்ணப்பித்தல், மொத்த உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாதோர் விண்ணப்பித்தல், மாவட்ட ஆட்சியர் கேட்டுக்கொள்ளுதல். ஊழியர் இப்பட்டியலில் இல்லை. அவர் ஒரு மனு எழுதிப் பதிவாளரின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். அதன்மேல் விசாரணை கோரும் உரிமை அவருக்கு இல்லை. சங்கத்தின் வவுச்சர்களை நாள்தோறும் கையாளும் கணக்கரும், திட்டப் பயனாளிகளின் பட்டியலை நேரில் சரிபார்க்கும் களப்பணியாளரும், ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவுக்கு வந்துபோகும் உறுப்பினரைவிடச் சீர்கேட்டை முன்னதாக அறியும் இடத்தில் இருப்பவர்கள். அறியும் இடமும் கேட்கும் உரிமையும் ஒரே ஆளிடம் சேரவில்லை என்பதே இச்சட்ட அமைப்பின் அடிப்படைக் குறை.

பொது அறக்கட்டளைகளின் நிலையும் இதற்கு அண்மையதே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, அறக்கட்டளையில் அக்கறையுடைய இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்ற அனுமதியுடன் வழக்கிட்டு, அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் இடமளிக்கிறது. ஆயின் அதன் நோக்கம் அறக்கட்டளையைக் காப்பதே. அதில் வேலை செய்தவரின் வேலையைக் காப்பதன்று.

உறுப்பினரின் வெளியேற்றமும் ஊழியரின் நீக்கமும்

ஒரே சங்கத்திலிருந்து உறுப்பினர் ஒருவர் வெளியேற்றப்படுவதையும் ஊழியர் ஒருவர் நீக்கப்படுவதையும் சட்டம் நோக்கிய விதங்களை ஒப்பிடுவது பயன்தரும். டி.பி. டேவர் எதிர் லாட்ஜ் விக்டோரியா வழக்கில், பிரீமேசன் சங்கக் கிளையொன்றிலிருந்து வெளியேற்றப்பட்ட உறுப்பினரின் முறையீட்டை உச்ச நீதிமன்றம் 1962இல் விசாரித்தது. நீதிமன்றத்தின் தலையீட்டு எல்லை குறுகியது என்று கூறி அவருக்கு எதிராகவே தீர்ப்பு அமைந்தது. எனினும், வெளியேற்றம் சங்க விதிகளுக்கு உட்பட்டும், நல்லெண்ணத்துடனும், இயற்கை நீதிக்கு இயையவும் நிகழ வேண்டும் என்ற நெறி அதில் உறுதிப்பட்டது. அந்நெறி மீறப்பட்டால் உறுப்பினர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம்.

ஊழியரின் நிலை வேறு. எசமானன்–பணியாளர் உறவை நீதிமன்றம் வலிந்து நிலைநிறுத்தாது என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்திலிருந்து வந்த கொள்கை. முறையற்று நீக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். வேலையைத் திரும்பக் கேட்க இயலாது. உத்தரப்பிரதேசத்தின் வைஷ் பட்டக் கல்லூரி வழக்கு இதற்கு முதன்மைச் சான்று. பதிவுபெற்ற சங்கம் நடத்திய அக்கல்லூரியின் முதல்வர் தம் நீக்கத்தை எதிர்த்து வழக்கிட்டார். சங்கத்தின் செயற்குழு சட்டத்தால் படைக்கப்பட்ட அமைப்பன்று, சட்டப்படி பதிவுபெற்ற அமைப்பு மட்டுமே என்று வேறுபடுத்தி, அவரை மீண்டும் பணியிலமர்த்த ஆணையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. பொதுவிதிக்கு மூன்று விலக்குகள் மட்டுமே உண்டு என்பதை இத்தீர்ப்பு எடுத்துரைத்தது: அரசமைப்பின் 311ஆம் உறுப்புக்கு மாறாக நீக்கப்பட்ட அரசு ஊழியர், தொழிற்சட்டத்தின்கீழ் வரும் தொழிலாளி, சட்டவழி அமைப்பொன்றால் கட்டாய விதிகளுக்கு மாறாக நீக்கப்பட்டவர்.

தொண்டு நிறுவன ஊழியர் அரசு ஊழியர் அல்லர். அவருடைய நிறுவனம் சட்டவழி அமைப்பும் அன்று. எஞ்சியிருந்தது நடுவிலுள்ள விலக்கு ஒன்றே. 'தொழில்' என்ற ஒரு சொல்லின் மேல் இவ்வளவு வழக்குகள் குவிந்ததற்கான காரணத்தை இங்குக் காணலாம். அச்சொல்லுக்குள் நிறுவனம் அடங்கினால் ஊழியர் வேலையைத் திரும்பப் பெற வழியுண்டு, அடங்காவிட்டால் இல்லை.

'தொழில்' விரிந்ததும் சுருங்கியதும்

தொழில் தகராறுகள் சட்டம் 1947 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 2(ஜே) பிரிவு தொழிலை வணிகம், உற்பத்தி, முயற்சி, பணி முதலான அகன்ற சொற்களால் வரையறுத்தது. தொண்டு அதில் அடங்குமா என்பதைச் சொல்லவில்லை. இலாபமில்லாப் பணிகள் பற்றிய முதல் பெரிய வழக்கு ஒரு பணிநீக்கத்திலிருந்தே பிறந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பட்ஜ் பட்ஜ் நகராட்சியின் தலைவர் ஊழியர் இருவரை நீக்கினார். அது பழிவாங்கல் என்று தொழிற்சங்கம் முறையிட்டது. நீதிபதி என். சந்திரசேகர ஐயர் எழுதிய தீர்ப்பு, இலாப நோக்கின்மை ஒரு பணியைத் தொழில் என்ற வரையறையிலிருந்து வெளியேற்றிவிடாது என்று கொண்டது. 1960இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனைத் தொகுதியில் வார்டுப் பணிப்பெண்கள் இருவர் உரிய இழப்பீடின்றி ஆட்குறைப்புச் செய்யப்பட்ட வழக்கில், நீதிபதி கஜேந்திரகட்கர் மருத்துவமனையும் தொழிலே என்றார்.

மூன்றே ஆண்டுகளில் அதே நீதிபதி வேறு திசையில் திரும்பினார். தில்லிப் பல்கலைக்கழகம் மகளிர் கல்லூரிக்கென இயக்கிய பேருந்துகள் இழப்பைத் தந்ததால் ஓட்டுநர்கள் நீக்கப்பட்டனர். கல்வி என்பது தொழிலன்று. ஆதலால் ஓட்டுநர்க்கும் இழப்பீடில்லை என்று 1963இல் தீர்ப்பாயிற்று. கற்பித்தலின் மேன்மை பேருந்து ஓட்டியவரின் இழப்பீட்டைப் பறித்தது என்று இதைச் சுருக்கலாம். மருத்துவமனையில் தரை துடைத்தவருக்குக் கிடைத்தது கல்லூரிப் பேருந்து ஓட்டியவருக்குக் கிடைக்காமற்போனமைக்கு, அவ்விருவர் செய்த வேலையில் எக்காரணமும் இல்லை.

சென்னையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் ஊழியர் சங்கம் போனஸ் கோரி எழுப்பிய தகராற்றில், உறுப்பினர் தமக்குத் தாமே நடத்திக்கொள்ளும் கிளப் தொழிலாகாது என்று நீதிபதி இதாயத்துல்லா 1967இல் தீர்ப்பளித்தார். 1970இல் சப்தர்ஜங் மருத்துவமனை வழக்கில் அவரே தலைமை நீதிபதியாக இருந்து, அரசு மருத்துவமனையோடு தில்லிக் காசநோய் மருத்துவமனை, பாட்னாவின் குர்ஜி ஹோலி ஃபேமிலி மருத்துவமனை ஆகியவற்றையும் தொழில் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தினார். குர்ஜி மருத்துவமனை முற்றிலும் அறநோக்குடையது, நன்கொடையால் நடப்பது என்பது அங்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

இக்காலத் தீர்ப்புகளுள் மிகவும் கருதத்தக்கது பம்பாய் பிஞ்சராப்போல் வழக்கு (1971). முதிர்ந்த, நோயுற்ற கால்நடைகளைப் பேணுவதற்காக எழுந்த அறநிலையம் அது. காலப்போக்கில் கறவை மாடுகளை வளர்த்துப் பாலும் விற்கத் தொடங்கியது. பால் விற்பனையின் அளவும் முறையும் ஆராயப்பட்டு, அது தொழில் என்று முடிவாயிற்று, தொழிலாளர் வென்றனர். அவ்வெற்றியின் அடிப்படை அவர்கள் செய்த வேலையன்று, மாடு கறந்த பால். பால் விற்காத அறநிலையத்தில் அதே சாணத்தை அள்ளியவர் தோற்றிருப்பார்.

1978: நோக்குநிலை மாற்றம்

பெங்களூர் குடிநீர் வழங்கல் வாரியம் எதிர் ஏ. ராஜப்பா வழக்கின் தொடக்கம் எளியது. ஒழுங்கீனத்துக்காகத் தம்மிடம் அபராதம் பிடித்ததை எதிர்த்து வாரியத்தின் ஊழியர்கள் தொழிலாளர் நீதிமன்றம் சென்றனர். ஏழு நீதிபதிகள் அமர்வு 1978 பெப்ரவரி 21 அன்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மையின் சார்பில் வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதினார். ஜஸ்வந்த் சிங், துல்சாபுர்கர் ஆகிய இருவர் மாறுபட்டனர். முறைப்படுத்தப்பட்ட செயற்பாடு, முதலாளி–தொழிலாளி ஒத்துழைப்பு, மனிதத் தேவைகளுக்கான பொருளோ சேவையோ தருதல் என்ற மூன்றும் இருப்பின் அது தொழில். இலாப நோக்கு உண்டா இல்லையா என்பது பொருட்டன்று. சப்தர்ஜங், ஜிம்கானா, தில்லிப் பல்கலைக்கழகத் தீர்ப்புகள் வீழ்ந்தன.

அறநிறுவனங்களைக் கிருஷ்ண ஐயர் மூன்றாக வகுத்தார். இலாபம் ஈட்டி அதை அறத்துக்குச் செலவிடுவன முதல்வகை. இலாபமின்றி, பிற நிறுவனங்கள் போலவே ஆளமர்த்திக் கூலி கொடுத்து, ஏழையர்க்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சேவை தருவன இரண்டாம் வகை. கூலிக்காக அன்றி, நோக்கத்தில் கொண்ட ஈடுபாட்டால் தாமே முன்வந்தவர்கள் சேர்ந்து நடத்துவன மூன்றாம் வகை. முதலிரண்டும் தொழில், மூன்றாவது அன்று. ஆசிரமம் போன்றவை இம்மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டாயின. இவ்வகுப்பின் சிறப்பு, நோக்குநிலையை இடம்மாற்றியதில் உள்ளது. அறத்தைப் பெறுபவர் நோயாளியோ மாணவரோ ஆகலாம். கூலிக்கு வந்த ஊழியர் அந்த அறத்தின் பயனாளி அல்லர். அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது வேலை உறவு மட்டுமே. நிறுவனம் தன்னை எவ்வாறு கருதுகிறது என்பதை விடுத்து, அதில் வேலை செய்பவர் எந்த அடிப்படையில் வந்தார் என்பதை முதன்முறையாக ஒரு தீர்ப்பு வினவியது.

ஆயினும் மூன்றாம் வகையின் எல்லை மங்கலானது. மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்ற பெயர்களில் பணம் பெறுபவர் எந்த வகையினர்? சம்பளப் பதிவேட்டில் 'தன்னார்வலர்' எனக் குறிக்கப்பட்டவர், அந்தப் பெயரால் மட்டுமே தொழிலாளியல்லாதவர் ஆகிவிடுவாரா? தீர்ப்பின் உள்ளுறையை ஏற்றால் விடை 'இல்லை' என்றே அமைய வேண்டும். பெயரை இடுவது நிர்வாகத்தின் கையில் இருப்பதால், மெய்ப்பிக்கும் சுமை நடைமுறையில் ஊழியர்மேல் விழுகிறது.

1984 ஆகஸ்ட்

தீர்ப்பின் விரிவைக் கண்ட நாடாளுமன்றம் 1982இன் 46ஆம் சட்டத்தால் 2(ஜே) பிரிவுக்குப் புதிய வரையறை தந்தது. மருத்துவமனை, கல்வி நிறுவனம், காதி, முழுமையாகவோ பெருமளவிலோ அற, சமூக, மனிதநேயப் பணியில் ஈடுபட்ட அமைப்புகளின் நிறுவனங்கள் ஆகியன விலக்கப்பட்டன. 1984 ஆகஸ்ட் 21 அன்று அத்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இவ்வரையறை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. விலக்கப்படுவோர்க்கு மாற்றுக் குறைதீர் அமைப்பு உருவாகாததே அதற்குக் காரணம். அதற்கென முன்வைக்கப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. ஷேகாவ் கஜானன் மகராஜ் சன்ஸ்தான் தொடர்பான 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சட்டப் பிரிவை நடைமுறைப்படுத்துமாறு அரசுக்கு நீதிமன்றம் கட்டளையிட இயலாது என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, நாடாளுமன்றம் நிறைவேற்றிய வரையறை ஏட்டில் உறங்க, அது மாற்ற முனைந்த தீர்ப்பே நாட்டை ஆண்டது.

அந்த வரையறை நிறுத்திவைக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்னர், ஆகஸ்ட் 18 அன்று, வேறொரு திருத்தம் அமைதியாக நடைமுறைக்கு வந்திருந்தது. குறித்த காலத்துக்கான ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாமை ஆட்குறைப்பு ஆகாது என்பது அதன் பொருள். 2(ஓஓ)(பிபி) எனச் சுட்டப்படுவது. தொண்டு நிறுவன ஊழியரைப் பொறுத்தவரை இதன் விளைவு 2(ஜே) விவாதம் அனைத்தினும் ஆழமானது என்று கருத இடமுண்டு. நன்கொடையாளர் தரும் நிதி திட்டத்துக்குத் திட்டம் ஓராண்டு, மூன்றாண்டு என வரும். வேலை ஒப்பந்தமும் அதே காலத்தைப் பின்பற்றும். பத்தாண்டு தொடர்ந்து வேலை செய்தவர் பத்து ஒப்பந்தங்களை உடையவராக இருப்பார். கணக்கைக் கேட்டவரை நீக்க வேண்டியதில்லை. அடுத்த ஒப்பந்தத்தைக் கொடுக்காமல் இருந்தாலே போதும். நீக்க ஆணை, குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை ஆகிய எதுவும் இன்றிப் பணி முடிந்துவிடும். வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்களில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தபின், நிலையான அலுவலகப் பணியிடங்களை வைத்திருப்பது மேலும் அரிதாயிற்று.

யார் தொழிலாளி?

நிறுவனம் தொழிலாக இருப்பது மட்டும் போதாது; நீக்கப்பட்டவர் 'தொழிலாளி'யாகவும் இருத்தல் வேண்டும். கோவாவில் கன்னியர் சபையொன்று நடத்திய பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியை ஏ. சுந்தராம்பாள் தொடுத்த வழக்கில், பள்ளி தொழில்தான், ஆனால் கற்பித்தல் உடலுழைப்போ எழுத்தர் பணியோ தொழில்நுட்பப் பணியோ அன்று என்று 1988இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ராஜப்பா வழக்கு திறந்த கதவுக்குப் பின்னே இன்னொரு கதவு இருந்தது.

தமிழ்நாட்டில் ஆசிரியர்க்குத் தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1973 வேறொரு காப்பைத் தந்தது; நீக்கத்துக்கு உரிய அலுவலரின் முன் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் 22ஆம் பிரிவு. களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர், ஆற்றுப்படுத்துநர், சமூக அமைப்பாளர் ஆகியோர்க்கு அத்தகைய தனிச்சட்டம் எதுவும் எழவில்லை. ஐந்து பேரை மேற்பார்வையிடும் ஒருங்கிணைப்பாளர் மேலாண்மையைச் சேர்ந்தவர் என்று நிர்வாகம் வாதிடவும் இடமிருந்தது.

உயர் நீதிமன்றத்தின் நீதிப்பேராணை எஞ்சிய வழி. அகமதாபாத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய கல்லூரி மூடப்பட்டபோது, ஆசிரியர்களுக்குச் சேரவேண்டியதை வழங்குமாறு அறக்கட்டளைக்கே ஆணையிடலாம் என ருடானி வழக்கில் (1989) முடிவாயிற்று. பொதுக்கடமை ஆற்றும் எவர்மீதும் பேராணை பாயும் என்ற இந்நெறி நம்பிக்கை தந்தது. 2022இல் செயின்ட் மேரிஸ் கல்விச் சங்க வழக்கு அதைச் சுருக்கியது. கல்வி தருவது பொதுக்கடமையாயினும், அலுவலக ஊழியரின் பணி ஒப்பந்தம் தனியார் விவகாரம். அதில் பேராணை இல்லை என்றது அத்தீர்ப்பு. 1963இன் பேருந்து ஓட்டுநர் வழக்கோடு இதை வைத்துப் பார்க்கையில் ஒரு தலைகீழ் ஒற்றுமை புலப்படுகிறது. அன்று நிறுவனத்தின் உயர்நோக்கம் ஓட்டுநரின் வேலையையும் தன்னுள் இழுத்துக்கொண்டு அவர் உரிமையை மறுத்தது. இன்று உயர்நோக்கம் வேறு, அலுவலக ஊழியரின் வேலை வேறு என்று பிரித்து அவர் உரிமை மறுக்கப்படுகிறது.

2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம்

ராஜப்பா தீர்ப்பை மறுஆய்வு செய்யவேண்டும் என்று 2005இல் ஜெய் பீர் சிங் வழக்கின் ஐவர் அமர்வு கருதியது. அத்தீர்ப்பு தொழிலாளர் பக்கம் மட்டுமே நோக்கியது என்பது அதன் குறைகூறல். 2017இல் வினா ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையே நாடாளுமன்றம் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020ஐ இயற்றியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று கூறுகளைக் கொண்ட ராஜப்பா வரையறையை ஏற்றுக்கொண்ட அச்சட்டம், 1982இன் விலக்குப் பட்டியலிலிருந்து இவ்விலக்கையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது: முழுமையாகவோ பெருமளவிலோ அற, சமூக, மனிதநேயப் பணியில் ஈடுபட்ட அமைப்புகளுக்குச் சொந்தமான அல்லது அவை நிர்வகிக்கும் நிறுவனங்கள் தொழிலாகா. 1984இல் விலக்கு நிறுத்திவைக்கப்பட்டதற்குக் காரணமாக இருந்த மாற்றுக் குறைதீர் அமைப்பு இச்சட்டத்திலும் அமைக்கப்படவில்லை.

சட்டமியற்றுவோர்க்குத் தொண்டு நிறுவனம் ஒரு பணியிடமாகத் தெரியாமற்போனது என்றும் சொல்வதற்கில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 தன் பணியிட வரையறையில் சங்கம், அறக்கட்டளை, அரசுசாரா நிறுவனம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. ஒரு சட்டத்துக்குப் பணியிடமாகத் தெரிந்தது மற்றொரு சட்டத்துக்குத் தொழிலாகத் தெரியவில்லை.

மருத்துவமனை, கல்வி நிறுவனம் என்ற சொற்கள் புதிய விலக்கில் இல்லாமையால், தனியார் நிறுவனம் நடத்தும் மருத்துவமனையின் செவிலியர் தொழிலாளியாகவே இருப்பார். அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் அதே பணியைச் செய்யும் செவிலியரின் நிலை, அந்த அறக்கட்டளை 'பெருமளவில்' அறப்பணி செய்கிறதா என்பதைப் பொறுத்தது. 'பெருமளவில்' என்பதை எதைக்கொண்டு அளப்பது என்று சட்டம் கூறவில்லை. கட்டணம் வாங்கிய நோயாளிகள் எத்தனை பேர், இலவசமாகப் பார்க்கப்பட்டோர் எத்தனை பேர், உபரி எங்கே சென்றது என்பவற்றை ஆராயாமல் அதை அளக்க இயலாது. பிஞ்சராப்போலின் பால் கணக்கு இவ்வாறு மீண்டும் நீதிமன்றத்துக்குள் நுழைகிறது. நீக்கப்பட்டவர் தம் நீக்க ஆணையைப் பற்றி ஒரு சொல் பேசுமுன், நிறுவனத்தின் வரவு-செலவை மெய்ப்பித்தாக வேண்டும். அந்தக் கணக்கேடுகள் நிர்வாகத்திடம் உள்ளன. சங்கப் பதிவுச் சட்டத்தின்படி அவற்றின்மேல் விசாரணை கோரத் தக்கவர் பட்டியலில் அவர் பெயர் இன்னும் சேரவில்லை.